கூரை போட்ட ஊர்

துலுக்கானம்: கைய எடு. பெயிண்டு இன்னும் காயல.

ஜானகிராமன்: பெயிண்டா? அங்கிள்... மேசை மேல இருக்கற இது கோகுல் செஞ்ச குட்டி ஊருதானா?

துலுக்கானம்: பின்ன இன்னா, உங்க ஊரா? ரெண்டு வருசமா என் புள்ள கதவ சாத்திக்கினு செஞ்சானே, அதான். நீ யாரு, அவன் கூட்டாளி ஜானகிராமன்தான? ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பையத் தூக்கினு வருவியே?

ஜானகிராமன்: ஆமா அங்கிள். நானும் இந்த மாதிரி மாடல் செய்வேன். ஆனா... செவுரெல்லாம் ரோஸ் கலர்ல இருக்கு.

துலுக்கானம்: அந்தாண்ட பாரு, பச்ச. ஊட்டுக்கு அடிச்ச மீதி கெடந்துச்சு. நல்லாத்தான கீது?

ஜானகிராமன்: கூரை?

துலுக்கானம்: நான்தான் போட்டேன். அட்டை, தீக்குச்சி, கோந்து. எல்லா ஊட்டுக்கும் போட்டாச்சு.

ஜானகிராமன்: ஐயோ... அங்கிள், இது பிரான்ஸ்ல ஒரு கிராமம். ரெண்டாம் உலகப் போர்ல குண்டு போட்டு நாசமான கிராமம். பழைய போட்டோவப் பாத்துப் பாத்து அவன் சின்னதா செஞ்சது. இது ஒடைஞ்சுதான் இருக்கணும்.

துலுக்கானம்: ஒடைஞ்சா?

ஜானகிராமன்: ஒவ்வொரு செங்கல்லையும் ஊசியால கீறினான். அப்புறம் அவனே ஒடைச்சான்.

துலுக்கானம்: எவனாச்சும் ஊட்ட கட்டி அவனே ஒடைப்பானா? யாராண்ட கத உடற?

ஜானகிராமன்: சத்தியமா அங்கிள்.

துலுக்கானம்: எங்கிட்ட எங்க காட்னான்... ஆம்புலன்சு பசங்க அவன தூக்கினு போறப்ப ஸ்ட்ரெச்சரு இந்த மேசையில இடிச்சுச்சு. என் கண்ணால பாத்தேன். அப்பறம் வந்து மேல போட்ருந்த துணிய எடுத்தா, ஊரே இடிஞ்சு கெடக்குது. அந்தப் பசங்க ஒடச்சிட்டானுங்கன்னு நெனச்சேன். கோகுலு வந்து பாத்தா மனசு உட்ருவானேன்னு ஒக்காந்து கட்னேன்.

ஜானகிராமன்: கூரை மேல கறுப்பா இது என்ன?

துலுக்கானம்: தண்ணித் தொட்டி. அவன் மருந்து பாட்டிலு மூடி.

ஜானகிராமன்: அங்கிள், பிரான்ஸ்ல...

துலுக்கானம்: ஏன், பிரான்சுகாரன் குளிக்க மாட்டானா?

ஜானகிராமன்: வாசல்ல தொங்கறது?

துலுக்கானம்: திருஷ்டி பூசணிக்கா. கொத்தமல்லி வெத. அதுல மூஞ்சி வரையத்தான் கண்ணு தெரியல. சிரிக்காத. ஊடுன்னு கட்னா அத்த கட்டணும்.

ஜானகிராமன்: சிரிக்கல. இந்த சிப்பாய்ங்க எல்லாம் எப்படி நிக்கறாங்க?

துலுக்கானம்: தெருவுல உழுந்து கெடந்தானுங்க. எழுப்பி நிக்க வெச்சு ஒட்டிட்டேன்.

ஜானகிராமன்: அவங்க விழல அங்கிள்... செத்தவங்க.

துலுக்கானம்: செத்தவன்னு மூஞ்சில எழுதியா ஒட்டியிருந்துச்சு? எனக்கு இன்னா தெரியும்.

கெங்கம்மாள்: காபி எடுத்துக்கோ தம்பி. ஆஸ்பத்திரிலேர்ந்தா வர? என் புள்ள எப்பிடி கீறான்? இவரும்தான் போய்ட்டு வராரு, வாயத் தொறக்க மாட்டேங்கறாரு.

ஜானகிராமன்: நல்லா இருக்கான்மா. அடுத்த வாரம் வந்துடுவான்.

கெங்கம்மாள்: சாப்டறானா?

ஜானகிராமன்: ம்... கஞ்சி.

கெங்கம்மாள்: கஞ்சின்னா மூஞ்சிய திருப்பிப்பானே. கருவாட்டுக் கொழம்பு வெச்சுத் தரேன், எடுத்துனு போறியா?

துலுக்கானம்: அதெல்லாம் உள்ள உட மாட்டாங்க. போ, அடுப்புல இன்னாவோ கருகுது.

கெங்கம்மாள்: அடுப்ப அணைச்சுட்டுதான வந்தேன்!

துலுக்கானம்: அப்ப போய் பத்த வெ.

கெங்கம்மாள்: பாத்தியா தம்பி? இந்த மனுசனோட நான் படற பாடு...

துலுக்கானம்: போய்ட்டாளா? சரி. நீ இன்னாத்துக்கு வந்த, அத்த சொல்லு.

ஜானகிராமன்: இத எடுத்துட்டுப் போகணும். கோகுல் பாக்கணும்னு கேட்டான். கீழ வண்டி நிக்குது.

துலுக்கானம்: அடுத்த வாரம் வரப்போறவன் ஊட்டுக்கு வந்து பாக்கட்டுமே.

ஜானகிராமன்: அது... கண்காட்சி ஒண்ணு இருக்கு.

துலுக்கானம்: ஆஸ்பத்திரிலயா?

ஜானகிராமன்: இல்ல, அதுக்கு முன்னாடி அவன் ஒருதடவ...

துலுக்கானம்: ஒரு பேச்சுல நில்லு. நீ தூக்கினு போய் எவனாண்டயாவது வித்துட்டா, உன்ன நான் திருமழிசையில தேடறதா, பூந்தமல்லில தேடறதா?

ஜானகிராமன்: விக்கற மாதிரியா வெச்சிருக்கீங்க? வாசல்ல பூசணிக்கா தொங்குது.

துலுக்கானம்: கொழுப்புடா உனக்கு.

ஜானகிராமன்: இத பாருங்க. சர்ச் கோபுரத்து மணி. இது ஒண்ணுதான் பாக்கி. அவன் கையால வெக்கணுமாம். படுத்துட்டே வெக்கறேன், நீ மேசைய மட்டும் கிட்டக் கொண்டாந்துடுன்னான்.

துலுக்கானம்: ஓ... அதான் உச்சி காலியா இருந்துச்சா? இன்னா வரும்னு தெரியாம உட்டுட்டேன்.

ஜானகிராமன்: அவன் பாக்கறப்போ அவன் செஞ்ச மாதிரியே இருக்கணும் அங்கிள். இந்தக் கத்தியால கூரையெல்லாம் பிரிச்சுடறேன்.

துலுக்கானம்: கை வெச்ச, பாரு.

ஜானகிராமன்: அங்கிள்...

துலுக்கானம்: ஏன், ஊரு நல்லா கீதுன்னு சந்தோசப்பட மாட்டானா?

ஜானகிராமன்: படமாட்டான். அவன் செஞ்ச ஊரு இது இல்ல... மேசை ஏன் ஆடுது?

துலுக்கானம்: பின்னாடி சைடிங்கு தண்டவாளத்துல மிலிட்டிரி ரயிலு போவுது. போனப்பறம் நிக்கும்... ஆவடி ஃபேக்டரில பீரங்கி வண்டிக்கு பெயிண்டு அடிச்சவன்டா நான். பளபளன்னு அடிச்சு இந்த ரயில்லதான் ஏத்தி உடுவோம். எங்க போச்சோ, இன்னா பண்ணிச்சோ, நாங்க கேக்கல. அது ஊருக்குள்ள பூந்தா இன்னா ஆவும்னு என் புள்ள செஞ்சு வெச்சிருக்கான். எனக்கு ஒருநாளும் காட்டல.

ஜானகிராமன்: முடிச்சுட்டு உங்களுக்குத்தான் மொதல்ல காட்டணும்னு சொல்லுவான்.

துலுக்கானம்: பொய் சொல்ற.

ஜானகிராமன்: இல்ல அங்கிள். இது பொய் இல்ல.

துலுக்கானம்: ... அந்தக் கத்திய குடு.

ஜானகிராமன்: நான் பிரிக்கறேனே...

துலுக்கானம்: நான் போட்டது. நானே பிரிக்கறேன். உனக்கு எங்க கோந்து வெச்சேன்னு தெரியாது. செவுரோட வந்துடும்.

ஜானகிராமன்: மெதுவா... ஆங், அப்படித்தான்.

துலுக்கானம்: இந்த ரோசு?

ஜானகிராமன்: கரி பூசிடலாம்.

துலுக்கானம்: தொட்டி?

ஜானகிராமன்: எடுத்துடுங்க.

துலுக்கானம்: பூசணிக்கா?

ஜானகிராமன்: அது... இருக்கட்டும். பாத்தா சிரிப்பான்.

துலுக்கானம்: ம். இவனுங்க?

ஜானகிராமன்: இவங்கள படுக்க வெக்கணும்.

துலுக்கானம்: அத்த நீ செய். என் கையால ஆவாது.

ஜானகிராமன்: சரி... நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க.

துலுக்கானம்: ஆச்சா?

ஜானகிராமன்: ஆச்சு. ஆனா அந்த மூலை வீட்டுக் கூரைய விட்டுட்டீங்களே?

துலுக்கானம்: அது இருக்கட்டும்.

ஜானகிராமன்: அதுவும் குண்டு விழுந்த வீடுதான் அங்கிள். கோகுல் உடனே கண்டுபிடிச்சுடுவான்.

துலுக்கானம்: கேட்டா, உங்கப்பன் பிரிக்க மாட்டேன்னுட்டான்னு சொல்லு. குனிஞ்சு உள்ள பாரு. நான் வெச்ச கட்டிலு கீது. ஒருத்தன் போத்திக்கினு படுத்துனு கீறான். பெரிய டாக்டரு நேத்தே என்ன தனியா கூப்ட்டு, இனி எங்க கையில ஒண்ணும் இல்லன்னு சொல்ட்டாரு தம்பி. அத்த கேட்டுட்டு வந்துதான் அந்த ஒரு கூரைய போட்டேன். நீ அந்தப் பக்கம் புடி, சாயாம தூக்கு... போறப்ப அவகிட்ட மட்டும் அடுத்த வாரம்னே சொல்ட்டுப் போ.