கோட்டை ஏறின மாமியார்

— அத்தை, இதோட போதும். இங்கிருந்தே கோட்டை பூரா தெரியுது.

— என்ன தெரியுது? பாதிச் சுவரு. இதுக்கு டிக்கெட் வேற. நம்ம வீட்டுச் சமையக்கட்டு இதைவிட நல்லாவே இடிஞ்சு கிடக்கு.

— அதான் சொல்றேன், இறங்கிடலாம். உங்க மூட்டு தாங்காது.

— மூட்டு என்னோடது. உச்சில காவல் மண்டபம் இருக்காம். அங்க நின்னா ஏரி மொத்தமும் தெரியுமாம். நட.

— நைட் டூட்டி முடிச்சு நேரா வந்திருக்கேன். கால் பின்னுது.

— அப்ப நீ உக்காரு. நான் பார்த்துட்டு வந்து சொல்றேன்.

— விளையாடாதீங்க, கைப்பிடிகூட இல்ல. உங்க மகன் உசிரோட இருந்திருந்தா என் தலையை உருட்டியிருப்பார்.

— அவன் கீழேயே நின்னிருப்பான். உயரம்னா அவனுக்கு ஆகாது. அந்தக் கல்லு ஆடுது பாரு, தள்ளிக் கால் வை.

— மெதுவாப் போங்களேன். மூச்சு வாங்கலையா?

— உனக்குத்தான் வாங்குது. பேருதான் நர்சு.

— அப்பாடி, மண்டபம் வந்தாச்சு. என்ன காத்து! தண்ணி அந்த மலையடி வரைக்கும் போகுதே அத்தை.

— போகட்டும். வெளியூர்ல ஆஸ்பத்திரி வேலைன்னு சொன்னியே, பகல் டூட்டி, தங்க ரூம்னு. அது என்னாச்சு?

— வேண்டாம்னுட்டேன்.

— ஏன்?

— உங்களைத் தனியா விட்டுட்டா? பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா யாரு தூக்குவா?

— இப்ப இவ்வளவு தூரம் ஏறினேனே, யாரு தூக்கினா?

— யாரும் இல்ல.

— வாயால சொன்னா நீ நம்ப மாட்டியேன்னுதான் இங்க இழுத்துட்டு வந்தேன். நீ பகல்ல தூங்குறேன்னு மூணு வருஷமா நான் மிக்சி போடலடி. டிவில எல்லாரும் ஊமையாட்டம் வாயசைக்கிறாங்க. எனக்கும் ஒரு பொழப்பு வேணாமா?

— என்னைத் துரத்துறீங்களா?

— ஆமா. லீவு கிடைச்சா வா, கதவைத் திறக்கிறேன்.

— இப்பச் சொல்லி என்ன பிரயோஜனம்? இந்நேரம் வேற ஆளைப் போட்டிருப்பாங்க.

— போடல. நேத்து நீ தூங்கறப்ப கடைசியா ஒரு தடவை கேக்கிறோம்னு உன் போன்ல கூப்பிட்டாங்க. உன் குரல்லயே குழைஞ்சு, 'திங்கக்கிழமை வந்து சேர்ந்துடறேன் சார்'னு நான்தான் சொன்னேன்.