மூணாவது லைட்

— உங்கம்மாகிட்ட சொல்லு பாப்பா, எனக்குன்னு தனி ஒயர் வேணும். அவ ஒயர் பக்கமே நான் வரல.

— நீங்களே சொல்லுங்கப்பா. அம்மா நாலடி தள்ளித்தான் உக்காந்திருக்கா.

— உங்கப்பாகிட்ட சொல்லுடி, என் காது நல்லாத்தான் கேக்குதுன்னு. தனி ஒயர் தாராளமா எடுத்துக்கட்டும். எனக்கென்ன வந்துச்சு.

— நீயுமாம்மா? பதினோரு நாளா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தபால் கொண்டுபோயே என் கால் தேய்ஞ்சுபோச்சு. கடையைச் சாத்திட்டு வந்திருக்கேன். நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றவ, சமாதானத் தூது போறவ இல்ல.

— நியாயமா பார்த்தா ஆரம்பிச்சது நான் இல்ல பாப்பா. உங்கம்மாவோட ஆன்லைன் தையல் கிளாஸ்ல இருபத்திரண்டு பேர் காதுல விழற மாதிரி, ‘மண்டையில ஏதாவது இருக்கா’ன்னு என்னைக் கேட்டது யாரு?

— அந்த கிளாஸ் நடக்கும்போது மோடம் ஒயரைப் பிடுங்கினது யாருன்னும் கேளுடி. நெட் திரும்பி வந்ததோ, மைக் ஆன்ல இருந்ததோ நான் என்னத்தைக் கண்டேன்?

— கம்ப்யூட்டர்ல செஸ் காய் நகரவே இல்ல பாப்பா. ஜெயிக்கிற ஆட்டம். பிடுங்கி மாட்டினா சரியாயிடும்னு நெனச்சேன்.

— அதுக்குத்தான்பா இந்தப் பெட்டி. சுவிட்ச்னு பேரு. மோடத்துலேர்ந்து ஒரு ஒயர் இதுக்குள்ள வரும், இதுலேர்ந்து ரூமுக்கு ஒண்ணா போகும். ஆளுக்கொரு ஒயர். வைஃபைக்காக முட்டிக்க வேண்டாம்.

— வீடு கட்டும்போதே சுவத்துக்குள்ள ஒயர் ஓட்டியாச்சே பாப்பா.

— ஓட்டியாச்சு. எது எந்த ரூமுக்குப் போகுதுன்னு ஒருத்தரும் எழுதி வைக்கல. அஞ்சும் ஒரே சாம்பல் கலர். அஞ்சையும் இதுல சொருகிட்டேன். இப்போ நீங்க இந்த லேப்டாப்பை எடுத்துட்டு மாடி ரூமுக்குப் போங்க. சுவர்ல இருக்கிற ஓட்டையில அதோட ஒயரைச் சொருகினா, இங்க ஒரு லைட் எரியும். எத்தனாவது லைட்டுன்னு அம்மா பார்த்து எழுதிக்குவா.

— யாரு பார்க்கிறது?

— அம்மா.

— அப்போ யாரு கேக்கிறது?

— நீங்கதான். என் வண்டி பக்கத்து வீட்டு வாசலை மறிச்சிட்டு நிக்குது, ஹாரன் அடிக்கிறாங்க பாருங்க. எடுத்து நிறுத்திட்டு வரேன்.

— பாப்பா. ஏய் பாப்பா… போயிட்டாளா?

— வாசல்லேர்ந்துதான் கத்துறேன்பா. நீங்க லேப்டாப்போட மாடிக்கு ஏறுங்க.

— மாடியில சொருகியாச்சு. கீழ யாராவது இருந்தா சொல்லலாம்.

— கீழ யாரும் இல்ல.

— யாரும் இல்லன்னா பதில் எங்கேர்ந்து வருது?

— சுவத்துலேர்ந்து வருது.

— சரி, அந்தச் சுவத்தைத்தான் கேக்கிறேன். லைட் எரியுதா?

— இல்ல.

— கழட்டி மாட்டியிருக்கேன். இப்போ?

— இல்ல.

— நல்லா அழுத்திட்டேன். க்ளிக்குன்னு சத்தம்கூட வந்துச்சு.

— எனக்கென்ன வந்துச்சு, பொய் சொல்ல? எரியல.

— கண்ணாடி போட்டிருக்கியா?

— மூக்கு மேலதான் இருக்கு. நீங்க போட்டிருக்கீங்களா? ஓட்டையை விட்டுட்டுச் சுவத்தைக் குத்திட்டிருக்கப் போறீங்க.

— போட்டிருக்கேன். நீ துடைச்சு வைக்கிற மாதிரி வரல. பதினோரு நாளா எல்லாமே மங்கலாத்தான் தெரியுது.

— துணி மேஜை டிராயர்லதானே இருக்கு.

— துணி இருக்கு. கை வேணுமே.

— போதும் போதும். இன்னொரு தடவை மாட்டுங்க.

— மாட்டிட்டேன். இப்போ?

— இல்ல.

— இந்தா பாரு, ஒண்ணு சொல்றேன். அன்னைக்கு நான் அந்த ஒயர்மேல கை வச்சிருக்கக் கூடாது. நியாயமா பார்த்தா உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். அப்புறமாவது வந்து தப்புன்னு சொல்லியிருக்கணும். வாய் வரல.

— மைக் ஆன்ல இருக்குன்னு தெரிஞ்சிருந்தா அத்தனை பேர் முன்னாடி உங்களை அப்படிப் பேசுவேனாங்க? அன்னைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடே எறங்கல.

— எனக்கும்தான்.

— நீங்க ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க.

— வருத்தத்துல சாப்பிட்டேன். லைட்டைப் பாரேன், இந்தத் தடவை ஊதி மாட்டியிருக்கேன்.

— இல்லீங்க. இன்னும் கொஞ்சம் ஊதுங்க.

— வண்டியை எடுத்தாச்சும்மா. எத்தனாவது லைட்டுன்னு எழுதிட்டியா? என்னம்மா இது, மூணாவது லைட் பளிச்சுன்னு எரியுது. அப்பா பாவம், மேல ஊதிக்கிட்டு நிக்கிறாரு.

— சத்தம் போடாதடி. அது முதல் தடவையே எரிஞ்சிடுச்சு. பதினோரு நாளா எங்கிட்ட ஒரு வார்த்தை பேசாத மனுஷன், இன்னும் நாலு தடவை கேக்கட்டும்.