உள்ளே லேடீஸ் இருக்காங்க

காக்ஸ் டவுனிலிருந்து சிவாஜிநகர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் நைட்டிகள் பிதுங்கும் பெரிய பை.

"எங்க வீட்டுக்காரரை ஒரு மணி நேரம் தெருவுல நிக்க வெச்சேன்க்கா," என்றாள். நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

"எதுக்குடி?"

"நான் தைச்ச நைட்டிய விக்கறதுக்கு ஞாயித்துக்கிழமை அக்கம்பக்கத்து லேடீஸைக் கூப்பிட்டிருந்தேன். 'வீட்டைக் கடையாக்காதே'ன்னு கத்திட்டு வெளிய போனாரு. அவரு திரும்பி வந்தப்ப ஹால்ல எல்லாரும் போட்டுப் பாத்துட்டு இருந்தாங்க. கதவைத் தட்டினாரு. 'உள்ள லேடீஸ் இருக்காங்க'ன்னேன். தாழ்ப்பாளைத் தொறக்கவே இல்ல."

"அன்னைக்குச் சரியான மழையாச்சே! பாவம்டி அவரு."

"என்ன பாவம்? அவரு சிநேகிதங்க சீட்டாட வந்தா நான் ஹாலுக்கு வரக்கூடாது. எட்டு வருஷமா ஞாயித்துக்கிழமைன்னா அடுப்படியிலயேதான் நிக்கறேன். அது பாவமில்லையா?"



"இனிமே என்னடி செய்யப்போறே?"

"வர ஞாயிறும் எல்லாரையும் கூப்பிட்டிருக்கேன். அவருகிட்டயும் சொல்லிட்டேன், இந்த வாட்டி குடை எடுத்துட்டுப் போங்கன்னு."