ஸ்பாஞ்சுத் தோள்கள்

குற்றால சீசனில் பாப்கார்ன் மொறுமொறுப்பாக நிற்காது சார். சாரல் காற்று பட்டதுமே நமுத்துவிடும். எங்கள் தியேட்டரில் நமுக்காமல் இருந்தது, அதை விற்ற ஜெனோவின் சிரிப்பு மட்டும்தான்.

நான் தளவாய். தென்காசியில் அந்தத் தியேட்டருக்கு மேனேஜர். சூப்பர் ஹீரோ படம் என்றால் எனக்கு உயிர். இந்த வருஷம் வந்த படத்துக்கோ ஈயோட்டிக்கொண்டிருந்தோம். "அதே மாதிரி பறக்கான், அதே மாதிரி அடிக்கான். சனங்களுக்கு அலுத்துப் போச்சு அண்ணாச்சி" என்று டிக்கெட் கிழிக்கும் இசக்கிமணியே சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. அலுப்பெல்லாம் இல்லை, யாரும் ஹீரோவை நேரில் பார்த்ததில்லை, அவ்வளவுதான் என்று எனக்குப் பட்டது.

அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டால், எண்ணெய் தேய்த்துக்கொண்ட கூட்டம் அந்தத் தலையோடு வேடிக்கை தேடி அலையும். அவர்களை விட மனசு வரவில்லை, ஒரு திட்டம் போட்டேன். சிற்றாற்றில் இசக்கிமணி தவறி விழுவது போல விழ வேண்டும். ஜெனோ ஹீரோ உடுப்போடு குதித்து அவனைக் காப்பாற்ற வேண்டும். பார்த்தவர்கள் அப்படியே மாலைக் காட்சிக்கு வந்துவிடுவார்கள். ஜெனோ இலத்தூர்க் குளத்தில் நீந்திப் பழகியவன், பயமே கிடையாது.

உடுப்பை அவன் மனைவி பெர்சிஸ் தைத்தாள். தோளுக்கும் நெஞ்சுக்கும் மெத்தை ஸ்பாஞ்சு, முதுகில் ஜிப். தண்ணீரில் ஜிப் திறந்துகொண்டால் மானம் போய்விடுமே. அவன் போட்டுக்கொண்ட பிறகு, ஜிப்பின் மேல் தூண்டில் நரம்பால் நானே தைத்தேன்.

"அண்ணாச்சி, ஸ்பாஞ்சு தண்ணி குடிச்சா கனக்குமே. அவசரத்துக்குக் கழத்த முடியாதே."

"ஹீரோ எங்கலே சட்டையக் கழத்துதான்?"

சிரித்துவிட்டான். நல்ல பையன்.

இசக்கிமணி விழுந்தான். ஜெனோ பாய்ந்து அவனைப் படித்துறைப் பக்கம் தள்ளிவிட்டான். அவன் கம்பியைப் பிடித்து ஏறியதும் கரையெல்லாம் ஒரே விசில். அதற்குள் ஸ்பாஞ்சு தண்ணீர் குடித்துவிட்டது. ஜெனோவின் தலை முங்கியது, வந்தது, மறுபடி முங்கியது. கையைத் தூக்கினான். அதற்கும் கைதட்டினார்கள். ஒருவர் மட்டும் துண்டைப் போட்டுவிட்டுக் குதிக்கப் போனார். நான் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஷோதான் சார். இப்ப எந்திரிச்சு வருவான் பாருங்க."

நான் அதை நம்பினேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. அவன் "அண்ணாச்சி" என்று கூப்பிட்டது எனக்குக் கேட்டது. ஆனால் அத்தனை கையிலும் செல்போன் உயர்ந்திருந்தது, அத்தனை கண்ணும் ஒரே இடத்தில் இருந்தது. அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று. அதைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை.

பெர்சிஸிடம் சொல்லுங்கள், அவள் தையல் ஓரிடத்திலும் விடவில்லை. இசக்கிமணியிடமும் சொல்லுங்கள், சனங்களுக்கு அலுக்கவே இல்லை. கடைசிவரை ஒருத்தர்கூட எழுந்து போகவில்லை.