முப்பத்துநான்காம் படத்தின் மஞ்சள் ஒயர்

தலைமையேற்று இந்த அவைக்குத் தகைமை சேர்க்கும் தலைவர் அவர்களே! நான் நீட்டி முழக்கிவிடுவேனோ என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருக்கும் செயலாளர் அவர்களே! முன்வரிசையை மூத்த அனுபவத்தால் நிறைத்திருக்கும் பெரியோர்களே! வீட்டு வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! பழுதென்று வந்ததைப் பழுதின்றி அனுப்பும் பழுதுபார்ப்போர் சங்கத்தின் பாசமிகு உடன்பிறப்புகளே! அனைவருக்கும் வணக்கம்.

மைக்காரரே, என்ன இது கரகரவென்று? நீங்கள் சரிசெய்கிறீர்களா, நான் இறங்கி வரட்டுமா? பார்த்தீர்களா, பயத்தில் தானாகச் சரியாகிவிட்டது!

என்னை நீங்கள் அறிவீர்கள். வாஷிங் மெஷின் அக்கா. இருபத்திரண்டு ஆண்டுகளாக ஊரார் அழுக்கை வெளுக்கும் இயந்திரங்களுக்கு வைத்தியம் பார்க்கிறேன். எனக்கொரு பழக்கம். மெஷினைத் திறந்தால், எந்த ஒயர் எங்கே போகிறது என்று நோட்டுத் தாளில் வரைந்து தேதி போடுவேன். அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு, தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்த மெஷினின் பின்மூடிக்குள்ளேயே ஒட்டிவிட்டு வருவேன். எதற்காக? அடுத்துத் திறப்பவர் ஒயரைப் பிடித்துக்கொண்டு விழிக்கக் கூடாது என்பதற்காக.

அப்படி எண்பத்துமூன்று படங்கள். எல்லாவற்றையும் என் இணையப் பக்கத்தில் வைத்தேன். விலை வைத்தேனா? இல்லை. பூட்டு வைத்தேனா? இல்லை. பெயரை மட்டும் வைத்தேன். ஒருநாள் காலையில் பக்கத்தைத் திறந்தால் படங்களைக் காணோம்! 'இவை வேறொருவரின் படைப்பு என்று புகார் வந்துள்ளது, ஆகவே நீக்கப்பட்டன' என்று ஒரு வரி. புகார் கொடுத்தது ஒரு நிறுவனம். பெயர் சொல்ல மாட்டேன், அவர்களுக்கு இலவச விளம்பரம் எதற்கு? என் படங்களை எடுத்து, என் பெயரை அழித்து, தங்கள் முத்திரையைக் குத்திச் செயலியில் போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! போதாததற்கு வக்கீல் நோட்டீஸ் வேறு. பதினான்கு நாளில் 'இவை உங்களுடையவைதான்' என்று நான் கையெழுத்திட வேண்டுமாம். இல்லையேல் வழக்காம்.

என் வீட்டுக்காரர் சொன்னார்: "விடும்மா. பெரிய இடத்தோட நமக்கெதுக்கு வம்பு? உனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே."

"எனக்கு மனப்பாடம். மத்தவங்களுக்கு? என் கையால வரைஞ்சதை என்னுது இல்லைன்னு அதே கையால எழுதிக் கொடுக்கணுமா? கையை வெட்டிக்கிட்டாலும் வெட்டிக்குவேன், அதைச் செய்ய மாட்டேன்" என்றேன்.

சிரிக்காதீர்கள் தாய்மார்களே, அன்று அடுப்பில் ஒன்றும் வேகவில்லை!

நான் மெஷின் பார்க்கும் வீடுகளில் ஒன்று ஒரு பெண் வக்கீலுடையது. அவரிடம் போனேன். "ஆதாரம் என்னக்கா இருக்கு?" என்றார். "என் மூளை இருக்கு" என்றேன். "அதைத் தாக்கல் பண்ண முடியாதுக்கா. போட்டோ எடுத்த போன் எங்க?" அந்தப் போன் எப்போதோ வாளித் தண்ணீரில் விழுந்து செத்துப்போனது. "சரி, முதல்ல வரைஞ்ச தாளெல்லாம் எங்க?"

எங்கே? ஊர் முழுக்க, மெஷின்களின் முதுகுக்குள்ளே!

புறப்பட்டேன். படியேறினேன், படியிறங்கினேன், பாத்ரூம் பாத்ரூமாக மண்டியிட்டேன். "நல்லாத்தானே ஓடுது, எதுக்கு இப்ப கழட்டுறீங்க?" என்று வாசலிலேயே மறித்தவர்கள் உண்டு. கதை முழுவதையும் கேட்டு, கூடவே உட்கார்ந்து திருகாணி கழற்றிக் கொடுத்தவர்களும் உண்டு. ஒன்பது நாளில் அறுபத்தோரு தாள்கள். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். வக்கீல் தலையை ஆட்டினார். "தேதியை நேத்து ராத்திரி எழுதினதுன்னு சொல்வாங்கக்கா. வரைஞ்சவங்களுக்கு மட்டுமே தெரிஞ்ச விஷயம் ஏதாவது இருக்கா?"

இருந்தது, அவையோரே. அதைத்தான் வெளியே சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முப்பத்துநான்காவது படம். அதை வரைந்த அன்று அந்த வீட்டம்மா தன் மகன் கல்யாணக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சுவாரசியமான கதை, இடையில் மாப்பிள்ளையே ஓடிப்போகிறான்! கதையில் காதை வைத்துவிட்டுக் கையில் கோட்டை விட்டேன். பம்புக்குப் போக வேண்டிய மஞ்சள் ஒயரைக் கதவுப் பூட்டுக்குக் கொண்டுபோய் வரைந்துவிட்டேன். அந்தப் படத்தைப் பார்த்து ஒயர் போட்டால் தண்ணீர் வெளியே போகாது. ஆறு மாதம் கழித்து எங்கிருந்தோ ஒரு மெக்கானிக் எழுதினார்: "அக்கா, நீங்க வரைஞ்சபடிதான் மாட்டினேன், தண்ணி போகல. கடையில என்னைத் திட்டுறாங்க." தாளைப் பார்க்காமலே தவறு என்னுடையது என்று எனக்குப் புரிந்துவிட்டது. என்ன பதில் எழுதினேன் தெரியுமா? "ஒழுங்கா பாத்து மாட்டு தம்பி." யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கிய யானை பழியை அடுத்தவர் தலையில் போடலாமா? நான் போட்டேன்.

வக்கீலிடம் சொன்னேன். "இதைக் காட்டினா ஜெயிப்போம்க்கா. ஆனா உங்க தப்பு பதிவாகும், எல்லாரும் படிப்பாங்க. யோசிச்சுக்குங்க" என்றார். நான் யோசிக்கவில்லை. உப்பைத் தின்றவள் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும்.

பதினான்கு நாளுக்குள் வக்கீல் பதில் அனுப்பினார், விவகாரம் ஒரு நடுவரிடம் போனது. விசாரணை அறை. ஒரு நீள மேசை, நடுவர், எதிரே கழுத்துப்பட்டையோடு நிறுவனத்தின் தொழில்நுட்ப மேலாளர். நான் கேட்டேன்: "சார், உங்க முப்பத்திநாலாவது படத்துல மஞ்சள் ஒயர் எங்க போகுது?"

"டோர் லாக்குக்கு, மேடம்."

"ஏன் அங்க போகுது?"

"அது... அந்த மாடல் அப்படித்தான். எங்க இன்ஜினியர்கள் சோதிச்சு வரைஞ்சது."

"அந்த மாடல் அப்படி இல்ல சார். அது பம்புக்குப் போகணும். தப்பா வரைஞ்சது நான். கல்யாணக் கதை கேட்டுக்கிட்டே வரைஞ்சேன். உங்க இன்ஜினியர்கள் எந்தக் கல்யாணத்துக்குப் போயிருந்தாங்க?"

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் அமர்ந்திருந்தார். அதே மாடல் மெஷினொன்றை வரவழைத்து, பின்மூடியைக் கழற்றி, நடுவரே ஒயரைத் தொட்டுப் பார்த்தார். புகார் தள்ளுபடி! எண்பத்துமூன்று படங்களும் என் பெயரோடு மீண்டும் ஏறின!

பொறுங்கள், கைதட்டலைக் கொஞ்சம் வைத்திருங்கள். உழைப்பவர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் வரைந்ததை, எழுதியதை, கண்டுபிடித்ததை இணையத்தில் வைக்கிறீர்களே, பெயர் போடுகிறீர்களா? தேதி போடுகிறீர்களா? முதல் தாளைப் பத்திரப்படுத்துகிறீர்களா? மிரட்டல் கடிதம் வந்தால் மிரளாதீர்கள்! படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்! பதில் எழுதுங்கள், பதினான்கு நாளுக்குள் எழுதுங்கள், தனியாக எழுத முடியாவிட்டால் இந்தச் சங்கத்தின் கதவைத் தட்டுங்கள்!

கடைசியாக ஒரு கடன். என் படம் என்னுடையது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டேன். அப்படியானால் அந்தத் தவறும் என்னுடையது. முப்பத்துநான்காம் படத்தில் அந்த மஞ்சள் கோட்டைச் சிவப்பு மையால் அடித்துத் திருத்தி, 'பிழை என்னுடையது' என்று எழுதிவைத்திருக்கிறேன். அந்த மெக்கானிக்கின் பெயர் எனக்குத் தெரியாது. எத்தனையோ ஊர்களிலிருந்து வந்திருக்கிறீர்கள், ஒருவேளை அவரும் இங்கே இருக்கலாம். தம்பி, நீ ஒழுங்காகத்தான் மாட்டினாய். நான்தான் ஒழுங்காக வரையவில்லை. எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன்.

யார் அது, பின்வரிசையில் எழுந்து நிற்பது? நீலச் சட்டை... நீதானா? ஏன் தம்பி அழுகிறாய்? மேலே வா. வழி விடுங்கள் பெரியோர்களே, அவர் வரட்டும். என் பேச்சு முடிந்தது. மீதி நேரத்தை அவரிடம் கொடுக்கிறேன். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி, ஒன்பது நாள் எனக்குத் திருகாணி கழற்றிக் கொடுத்த கைகளுக்கு நன்றி. வணக்கம்.