ஆஸ்பர்ட் லிண்டல் எழுதிய மனிதர்களின் வரிசை

பங்குத் தந்தை அவர்களே, சங்கத் தலைவி இடோனியா அம்மையார் அவர்களே, நாரிச் நகரப் பெருமக்களே! யார் பெயரை முதலில் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். இந்த வரிசையில் மனத்தாங்கல் உள்ளவர்கள் உரை முடியும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் சங்கத்து எழுத்தர், கவிஞர் ஆஸ்பர்ட் லிண்டல் மறைந்துவிட்டார். பதினெட்டு ஆண்டுகள் அவரோடு ஒரே மேசையில் இறகுப்பேனா பிடித்தவன் நான். இந்த ஊரை அவரைப்போல் பார்த்தவர் யார்? பிரபு முதல் உழவன் வரை, ஆளுக்கொரு தாளாக, இருபத்து மூன்று பேரைக் கவிதையில் எழுதினார். மாவு ஆலைக்காரர் ஹேமோவின் களவை எழுதினார்; ஹேமோ சிரித்தார். வழக்குரைஞர் ஃபல்க்கின் பொய்களை எழுதினார். அவர் தலையாட்டி ரசித்தார். பாவங்களைப் பொறுத்துக்கொண்ட நீங்கள் எதைப் பொறுக்கவில்லை? வரிசையை!

ஹேமோ எங்கள் மேசைக்கே வந்துவிட்டார்.

"ஏம்ப்பா ஆஸ்பர்ட், உழவனுக்குப் பின்னாடியா என்னைய நிறுத்துவ? நான் அரைக்கலைன்னா அவன் என்னத்தத் திம்பான்?"

"அவன் வெதைக்கலைன்னா நீ என்னத்த அரைப்ப, அண்ணே?"

தலைவி அம்மையாரும் வந்தார். "மூக்கு பெருசுன்னு எழுதுனியே, அது போகட்டும் தம்பி. ரொட்டிக்காரிக்கு அப்புறம் என்னைய வச்ச பாரு, அதுதான் வயித்தெரிச்சல்."

அது பதவி வரிசையே அல்ல. ஒரு ஞாயிறு பூசைக்கு யார் முதலில் வந்தாரோ அவரை முதலில் எழுதினார். உழவன் விடியலில் வந்தான். ஹேமோ, ஃபல்க், தலைவி அம்மையார், நீங்கள் மூவரும் பிரசங்கம் முடிந்து வந்தீர்கள். இதைப் பலமுறை சொல்லியும் பயனில்லை. முந்தாநாள் பாடையின் முன்பக்கம் யார் தூக்குவது என்று ஹேமோவும் ஃபல்க்கும் வாதாடி முடிப்பதற்குள் ஆஸ்பர்ட் மழையில் நனைந்துவிட்டார்.

அடக்கம் முடிந்து ஆவிஸ் அம்மையார் கணவரின் பெட்டியைத் திறந்தார். இருபத்து மூன்று தாள்களில் இருபதுதான் இருந்தன. வேறு பிரதி கிடையாது. எந்த மூன்று என்று நான் சொல்ல வேண்டுமா?

தலைவி அம்மையாரிடம் கேட்டேன். "எடுக்கலப்பா. சரியான எடத்துல வைக்கணும்னு கொண்டுபோனேன்" என்றார். மற்ற இருவரும் அதையே சொன்னார்கள். மூவருக்கும் சரியான இடம் முதல் இடமாம்.

ஆவிஸ் அம்மையார் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: "அவரு மொகந்தான் போயிருச்சு. அவரு பாத்த மொகங்களாச்சும் முழுசா இருக்கட்டும், அண்ணே."

எனவே ஆஸ்பர்ட்டின் பணியைத் தொடர்வேன் என்று இந்த அவையில் உறுதி கூறுகிறேன். ஞாயிறு பூசைக்குள் தாள்கள் வந்துவிட்டால், உள்ளபடியே பிரதி எடுத்து நூலாகக் கட்டிக் கொடுப்பேன். வராவிட்டால் அந்த மூவரையும் நானே புதிதாக எழுதுவேன். நூலில் முதல் மூன்று இடங்களையும் தருவேன். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஆஸ்பர்ட்டுக்கு உங்கள்மேல் பிரியம் இருந்தது. எனக்கு எழுத மட்டும்தான் தெரியும்.