நம்பர் போட்டாத்தான் பேப்பர்

கடைக்காரர்: ...சரி, பழைய பிரிண்டருக்கு என்னதான் வந்துச்சு?

மேனேஜர்: அடிச்சா உடனே வராதுங்க. நாம டீ குடிக்கப் போனப்புறம், அதுக்கா தோணும்போது துப்பும்.

அக்கா: யாரோடது யார் கையில சிக்கும்னே தெரியாது.

கடைக்காரர்: எத்தனை பேரு ஆபீஸ்ல?

மேனேஜர்: முதலாளியோட சேத்து அஞ்சு. மொழிபெயர்ப்பு வேலை. ஒரு நாளைக்கு நூறு பக்கம் வரும்.

அக்கா: இருநூறுன்னு சொல்லுங்க சார். நான் திருத்தத் திருத்த நீங்க மறுபடி அடிக்கறீங்களே.

கடைக்காரர்: அப்ப இந்தச் சின்ன லேசரே தாராளம். கறுப்பு வெள்ளை, ரெண்டு பக்கமும் அடிக்கும். டோனரும் மலிவு.

மேனேஜர்: நல்லாத்தான் இருக்கு. ஆனா... அந்த நம்பர் வசதி இதுல உண்டா?

கடைக்காரர்: எந்த நம்பர்?

அக்கா: மெஷின்கிட்ட போய் நின்னு நம்பர் போட்டாத்தான் பேப்பர் வெளிய வருமே, அது.

மேனேஜர்: அக்கா, உங்களுக்கு எதுக்கு அது?

அக்கா: உங்களுக்கு எதுக்கு சார்?

மேனேஜர்: நமக்கு வர்றதெல்லாம்... விவாகரத்துப் பேப்பர், ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டு. ரகசியம் இல்லையா?

அக்கா: அதேதான் நானும் சொல்றேன்.

கடைக்காரர்: அது பெரிய மாடல்லதாங்க இருக்கு. அஞ்சு பேருக்கு எதுக்குங்க பூட்டு? உங்க முதலாளி போன்ல சின்னதுதான்னு சொன்னாரே...

மேனேஜர்: அவர்கிட்ட நான் பேசிக்கறேன்.

அக்கா: இல்ல சார், நான் பேசறேன்.

மேனேஜர்: ...அக்கா, இப்படிக் கொஞ்சம் தள்ளி வாங்க. ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. திங்கக்கிழமை பிரிண்டர் டிரேல ஒரு பேப்பர் கிடந்துச்சு.

அக்கா: என்ன பேப்பர்?

மேனேஜர்: உங்க பேரு, இருபத்திரெண்டு வருஷ அனுபவம், எதிர்பார்க்கும் சம்பளம்...

அக்கா: ...முதலாளி பாத்துட்டாரா?

மேனேஜர்: அதுக்குள்ள மடிச்சு சட்டைப்பையில வச்சுட்டேன்.

அக்கா: அப்ப அந்தப் பூட்டை... எனக்காகவா கேட்டீங்க?

மேனேஜர்: பின்ன? அவர் கண்ணுல பட்டிருந்தா அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பியிருப்பாரு. நீங்க போங்க, வேணாங்கல. ஆனா நீங்களா போகணும்.

கடைக்காரர்: பெரியதையே பில் போட்டுரவாங்க?

அக்கா: ஒரு நிமிஷம் இருங்க. தம்பி...

மேனேஜர்: தம்பியா? ஆபீஸ்ல சார்னுதானே கூப்பிடுவீங்க?

அக்கா: உங்க அப்ளிகேஷன் அதுக்கு முந்தின வாரமே டிரேல வந்துச்சு தம்பி. மடிச்சு என் பைக்குள்ள வச்சுட்டேன். அதைப் படிச்சப்புறம்தான் அந்தக் கம்பெனியில ஆள் எடுக்கறாங்கன்னே எனக்குத் தெரியும்.